சர்ப்பகந்தா வேரும் அடுத்த மாத மாத்திரையும்: கொல்கத்தாவில் இரத்த அழுத்தம், நீரிழிவுக் கட்டுப்பாட்டின் ஒரு நூற்றாண்டு

1931 ஆம் ஆண்டில் 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்' இதழில் கல்கத்தா மருத்துவர் இருவர் எழுதிய கட்டுரையொன்று வெளியாயிற்று. ஒருவர் கணநாத் சென். ஆயுர்வேதத்தோடு மேனாட்டு மருத்துவத்தையும் கற்றுத் தேர்ந்த கவிராஜர். மற்றவர் மருத்துவர் கார்த்திக் சந்திர போஸ். வங்காளத்திலும் பீகாரிலும் பித்துக்கு மருந்தாக நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர், மனநோயைத் தணிப்பதோடு உயர்ந்த இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்பது அக்கட்டுரையின் செய்தி. அந்நாளில் உயர் இரத்த அழுத்தத்துக்கு நம்பத்தக்க மருந்து உலகில் எங்கும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1945 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்கிளின் ரூஸ்வெல்ட் மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால் இறந்தபோது அவருடைய இரத்த அழுத்தம் 300/190 எனப் பதிவாயிற்று. ஓய்வு, உப்புக் குறைப்பு, இதயத்துக்கான பழைய மருந்துகள் ஆகியவற்றைத் தாண்டி அவருடைய மருத்துவர்களிடம் கொடுப்பதற்கு அதிகம் எதுவும் இருக்கவில்லை.

இனி இன்னொரு செய்தி. 2003 மார்ச் முதல் 2005 பிப்ரவரி வரை, கொல்கத்தாவில் 52,377 பேர் கொண்ட மக்கள்தொகையில் பக்கவாதம் பற்றிய ஆய்வொன்று நடந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் கணக்கிடாமல், வீடு வீடாகச் சென்று தேடிய ஆய்வு அது. அதன் முடிவுகள் 2007 இல் வெளிவந்தன. வயதமைப்புக்கு ஏற்பச் சீர்செய்த கணக்கில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 145 பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் தாக்கியது. தாக்கப்பட்டவர்களில் 41 விழுக்காட்டினர் முப்பது நாள்களுக்குள் இறந்தனர். தாக்குதலும் இறப்பும் பெண்களிடையே மிகுந்திருந்தன. பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் காரணங்களுள் முதன்மையானது உயர் இரத்த அழுத்தம்.

முதற்செய்திக்கும் இரண்டாம் செய்திக்கும் இடையே எழுபது ஆண்டுகள். மருந்தின் தடயத்தை உலகுக்கு முன்பே கண்ட நகரம், அந்த மருந்து தடுத்திருக்க வேண்டிய நோயால் இத்தனை பேரை இழந்தது எவ்வாறு? இக்கேள்விக்கு 'வறுமை' என்றோ 'விழிப்புணர்வின்மை' என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறிவிடுவது வழக்கம். கொல்கத்தாவின் மருத்துவ வரலாறு அவ்வளவு எளிதான விடைக்கு இடம் தரவில்லை.

நீரிழிவிலிருந்து தொடங்கலாம். சரகரும் சுசுருதரும் 'மதுமேகம்' எனப் பெயரிட்ட இந்நோய், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தா மருத்துவர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. 1907 இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் 'வெப்பமண்டலத்தில் நீரிழிவு' என்ற பொருளில் ஒரு விவாதம் நடந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ் அதில் முன்னின்றார். கல்கத்தாவின் புகழ்பெற்ற மருத்துவர் கைலாஸ் சந்திர போஸின் கருத்தும் இடம்பெற்றது. வசதியும் கல்வியும் உள்ள வங்காளியரிடையே நீரிழிவு மலிந்திருக்கிறது என்பது விவாதத்தில் ஓங்கி ஒலித்த கருத்து. உடலுழைப்பின்மை, மூளைக்கு ஓயாத வேலை, சோறும் இனிப்பும் மிகுந்த உணவு ஆகியவை காரணங்களாகச் சுட்டப்பட்டன. நாளடைவில் நீரிழிவு 'பாபு'க்களின் நோய் என்ற படிமம் மருத்துவ எழுத்திலும் பொதுப்பேச்சிலும் நிலைபெற்றது.

இந்தப் படிமத்தில் உண்மை ஒரு பங்கு உண்டு. அது உருவான விதத்தில் ஒரு குறை உண்டு. மருத்துவர்கள் எண்ணியது தம்மிடம் வந்தவர்களை. சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பவும், அறிகுறி சிறிதாயிருக்கும்போதே மருத்துவரை நாடவும் வசதி படைத்தவர்கள் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் நிலக்கிழார்களுமே. ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைத் தொழிலாளி காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருத்துவமனை வந்தான்; வலியில்லாத நோய்க்கு வர அவனுக்குக் காரணமில்லை. பெண்கள் நிலையோ இன்னும் கடினம். ஆண் மருத்துவரிடம் பெண்கள் வருவதற்குத் தயங்கிய சமூகத்தில், பெண் மருத்துவர்களை ஏற்படுத்தும் நோக்கில் 1885 இல் டஃப்ரின் நிதி தொடங்கப்பட்டதே அந்நிலைக்குச் சான்று. வந்தவர்களைக் கொண்டு நோயின் இயல்பை வரையறுத்ததால், வராதவர்களுக்கு நோயில்லை என்ற எண்ணம் தானாகவே உருவாகிவிட்டது. இப்பிழை பின்னாளில் பெருவிலை கேட்டது.

1921 இல் கல்கத்தாவில் செயல்படத் தொடங்கிய வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, பெயருக்கேற்பக் காய்ச்சல்களையும் கொள்ளைநோய்களையும் ஆராய்வதற்கென லியோனார்ட் ராஜர்ஸின் முயற்சியால் எழுந்த நிறுவனம். ஆயினும் அங்கே மருந்தியல் பேராசிரியராக அமர்ந்த ராம்நாத் சோப்ராவும், நீரிழிவை ஆராய்ந்த ஜே. பி. போஸும் நாட்டு மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதனைக்கு உட்படுத்தினர். வங்காளத்தில் 'தெலாகுச்சா' என வழங்குவது நம்மூர்க் கோவைக்கொடி. சர்க்கரையைக் குறைக்கும் என்ற பெயர் அதற்கு இருந்தது. 1925 இல் சோப்ராவும் போஸும் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளிடம் அத்தகைய பலனைக் காணவில்லை என அறிவித்தது. சிறுகுறிஞ்சானும் பின்னர் இதே பள்ளியின் ஆய்வுக்கு உள்ளாயிற்று. சுதேசி உணர்வு ஓங்கியிருந்த காலத்தில், நாட்டு மருந்து என்பதற்காகவே ஒன்றை ஏற்காமலும், அதற்காகவே தள்ளாமலும் அளந்து பார்த்த நேர்மை அது.

அதே பள்ளியில் சர்ப்பகந்தா சோதனையில் தேறியது. 1933 இல் சோப்ராவும் உடன் ஆய்வாளர்களும் அச்செடியின் காரப்பொருள் ஒன்றின் மருந்தியல் செயலை விவரித்தனர். டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதே வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து வந்தார். இதற்கிடையே, போலி மருந்துகளும் தரமற்ற மருந்துகளும் சந்தையில் குவிந்திருந்ததை விசாரிக்க 1930 இல் அமைக்கப்பட்ட மருந்து விசாரணைக் குழுவுக்கு சோப்ராவே தலைமை ஏற்றார். 1940 ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் அக்குழுவின் பரிந்துரைகள் வழியே வந்தது. மருந்தைக் கண்டறிதல், அதன் தரத்தை உறுதிசெய்தல் ஆகிய இரண்டும் இவ்வாறு கல்கத்தாவில் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்தன. மூன்றாவது ஒன்று, அதாவது அந்த மருந்து தேவைப்படுவோர் கையில் மாதந்தோறும் போய்ச் சேர்தல், எவர் மேசையிலும் இருக்கவில்லை.

சர்ப்பகந்தாவின் அடுத்த பயணம் நகருக்கு வெளியே நிகழ்ந்தது. 1949 இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்திக் கண்ட முடிவுகளை 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் வெளியிட்டார். அதைப் படித்த பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் தம் நோயாளிகளிடம் அதைச் சோதித்தார். 1952 இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன அறிவியலாளர்கள் வேரிலிருந்து ரெசர்பின் என்ற மூலப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1957 இல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. அதே பத்தாண்டுகளில் தயசைடு வகைச் சிறுநீர்பெருக்கிகளும், நீரிழிவுக்கு டால்புட்டமைடும் மெட்ஃபார்மினும் புழக்கத்துக்கு வந்தன. 1950களின் இறுதியில், இரு நோய்களுக்கும் வாய்வழி விழுங்கும் மாத்திரை உலகில் இருந்தது.

அழுத்தத்தை இறக்கினால் உயிர் பிழைக்கும் என்பதற்கு ஐயமற்ற சான்று 1967 இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு ஃபிரீஸ் தலைமையில் நடந்த ஆய்விலிருந்து வந்தது. அங்கே தரப்பட்ட மூன்று மருந்துகளுள் ஒன்று ரெசர்பின். மிகை அழுத்தமுள்ள 143 ஆண்கள் ஆய்வில் இருந்தனர். வெற்று மாத்திரை பெற்ற குழுவில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது. மருந்து பெற்ற குழுவில் இருவருக்கு மட்டுமே. கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதிய வேரின் சாறு, உலக மருத்துவத்தின் போக்கை மாற்றிய சான்றில் பங்குகொண்டது என்று சொல்வதில் மிகையில்லை.

ஆயினும் அந்த ஆய்வின் நடைமுறையில் ஒரு நுணுக்கம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஆய்வில் சேர்ப்பதற்கு முன், ஒவ்வொருவருக்கும் ரிபோஃபிளேவின் கலந்த வெற்று மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. ரிபோஃபிளேவின் உட்கொண்டவரின் சிறுநீர் புறஊதா ஒளியில் மின்னும். மின்னாதவர், மாத்திரையை எண்ணிப் பார்த்ததில் கணக்கு ஒத்துவராதவர், குறித்த நாளில் வராதவர் ஆகியோர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மருந்தின் ஆற்றலை அறிவதற்கு இது சரியான வழி. ஆனால் இதனால் உலகுக்குக் கிடைத்த சான்று, தவறாமல் வருபவர்களைப் பற்றிய சான்று. 1907 இல் கல்கத்தா மருத்துவர்கள் வந்தவர்களை மட்டும் எண்ணினார்கள். 1967 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வருபவர்களை மட்டும் தேர்ந்தார்கள். காரணங்கள் வேறு, வராதவர் இரண்டிலும் கணக்குக்கு வெளியே நின்றார். நோய்க் கட்டுப்பாடு என்பதோ அவரைப் பற்றிய கேள்விதான்.

கொல்கத்தாவின் மருத்துவப் பெருமைகளை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். 1898 இல் ரொனால்டு ராஸ் இந்நகரில்தான் பறவை மலேரியாவைக் கொசு பரப்பும் வழியை நிறுவினார். உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமைன் காலா அசாரிலிருந்து எண்ணற்றோரைக் காத்தது. சம்புநாத் டே 1959 இல் காலரா நச்சுப்பொருளின் செயலை வெளிக்கொணர்ந்தார். 1971 இல் பங்காவ் அகதி முகாமில் திலீப் மஹலானபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து, 30 விழுக்காட்டை எட்டியிருந்த காலரா இறப்பை 3.6 விழுக்காட்டுக்கு இறக்கினார். இவை யாவும் மானுடத்துக்கே கொடைகள். இவற்றின் பொது இயல்பு என்னவெனில், நோய் வருகிறது, மருத்துவம் செய்கிறோம், நோயாளி பிழைத்து வீடு திரும்புகிறார், கதை முடிகிறது. நகரின் மருத்துவமனைகளும் பயிற்சியும் நிதி ஒதுக்கீடும் இந்த இயல்புக்கேற்பவே வளர்ந்தன.

இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் அப்படி ஒரு முடிவு கிடையாது. நாற்பது வயதில் நோய் கண்டறியப்பட்டு எழுபது வரை வாழும் ஒருவர் நாளொன்றுக்கு ஒரே மாத்திரை விழுங்கினாலும், மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகளை விழுங்க வேண்டும். மாதம் ஒருமுறை வாங்கினால் 360 முறை மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் வலியேதும் இல்லாத ஒரு நோய்க்காகச் செல்ல வேண்டும். அன்றைய கூலியை இழந்து, புறநோயாளர் வரிசையில் நின்று, இரண்டு வாரத்துக்கான மாத்திரையோடு திரும்புபவர், மூன்றாவது மாதம் வராமற்போனால் அதை அறியாமை எனச் சொல்ல முடியுமா? தமக்குத் தெரிந்த கணக்கின்படி அவர் சரியாகவே முடிவெடுக்கிறார். அக்கணக்கை மாற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு.

இதற்கான பாடம் இந்தியாவிலேயே முன்னர் எழுதப்பட்டிருந்தது. எழுதிய நகரம் சென்னை. 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. காசநோயாளியை விடுதியில் வைத்து மருந்து கொடுப்பதும் வீட்டிலேயே கொடுப்பதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்று 1959 இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. அவ்வாய்வின் பின்னணியில் ஒரு பெரும் ஒழுங்கு இருந்தது. செவிலியர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரில் மருந்து உள்ளதா எனச் சோதித்தனர். வராதவர்களைத் தேடிச் சென்றனர். ஃபிரீஸின் ஆய்வு வராதவரை விலக்கிற்று. சென்னை ஆய்வு அவரைத் தேடிப் போயிற்று. பதிவேடு, குறித்த நாள், தேடிச் செல்லும் ஊழியர் என்ற இந்த மூன்றும் காசநோய்த் திட்டத்தின் உறுப்புகளாயின. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் இவை பொருந்தும் என்ற எண்ணம் அரசுத் திட்டமாக உருவெடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

காலம் கடந்ததற்கு முன்னர்க் கூறிய 'பாபு' படிமமும் ஒரு காரணம். பணக்காரர் நோய்க்குப் பொதுச் செலவு எதற்கு என்ற வாதம் வலுவாக இருந்தது. 1970களில் கல்கத்தா உட்பட ஆறு மையங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு, நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடமே நீரிழிவைக் கண்டது. 2023 இல் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தின் முன்னிலையில் வெளியான நாடு தழுவிய ஆய்வின் மதிப்பீடு, 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 31.5 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் என்பது. பாபுவின் நோய் எப்போதோ எல்லோருடைய நோயும் ஆகிவிட்டது. அதை எதிர்கொள்ளும் ஏற்பாடு மட்டும் பாபுவின் காலத்தைப் போலவே, வருகிறவரைப் பார்ப்பதாக இருந்தது. 2014 இல் வெளியான இந்திய ஆய்வுகளின் தொகுப்பொன்று இதன் விளைவை எண்ணில் காட்டுகிறது. நகர்ப்புறத்தில் உயர் இரத்த அழுத்தமுள்ள நூறு பேரில் 42 பேரே அதை அறிந்திருந்தனர். ஏறத்தாழ 38 பேர் சிகிச்சையில் இருந்தனர். 20 பேருக்கே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அறிந்தவர்களுள் பெரும்பாலோர் மருந்தைத் தொடங்குகின்றனர். தொடங்கியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் பயனை எட்டுவதில்லை. அறிவுக்கும் பயனுக்கும் இடையே விடுபட்டிருப்பது தொடர்ச்சி.

நிதியின் வடிவமும் இங்கு ஆராயத்தக்கது. மேற்கு வங்காள அரசு 2012 இல் அரசு மருத்துவமனை வளாகங்களில் நியாய விலை மருந்தகங்களைத் தொடங்கியது. 2016 டிசம்பரில் தொடங்கிய 'ஸ்வாஸ்த்ய சாத்தி' திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்குக் காப்பளிக்கிறது. வறிய குடும்பங்களைக் கடனிலிருந்து காக்கும் அரிய ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. எனினும் மருத்துவமனையில் சேர்வதை அடிப்படையாகக் கொண்ட எந்தக் காப்பீடும், பக்கவாதம் தாக்கிய பிறகு படுக்கைக்குப் பணம் தரும். அதைத் தடுக்கும் அன்றாட மாத்திரையைத் தன் போக்கில் கவனிக்காது. நாட்டின் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களுக்கும் இது பொருந்தும். காலராக் காலத்து இயல்பு, பொருளாதார வடிவில் இன்றும் தொடர்கிறது.

மாற்றத்தின் அறிகுறிகள் அண்மைக் காலத்தில் தென்படுகின்றன. 2017 நவம்பரில் ஐந்து மாநிலங்களின் 25 மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் விரிந்த இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, ஐந்து எளிய கூறுகளைக் கொண்டது: எல்லா மையங்களிலும் ஒரே மருந்து வரிசை, தடையற்ற மருந்து இருப்பு, மருத்துவரோடு செவிலியரும் களப்பணியாளரும் பங்கேற்கும் குழுப்பணி, வீட்டுக்கு அருகிலேயே, ஒரு மாதத்துக்குக் குறையாத மருந்து, ஒவ்வொரு நோயாளியின் அழுத்தமும் அடுத்த வருகையும் பதிவாகும் தகவல் முறை. இவற்றுள் ஒன்றுகூடப் புதிய கண்டுபிடிப்பு அல்ல. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்கின்றனர். அத்திட்டத்தின் பெயரிலேயே 1907 இன் வழக்கம் தலைகீழாகியிருக்கிறது. 2023 மே 17 அன்று ஒன்றிய அரசு, 2025க்குள் 7.5 கோடிப் பேரை முறையான பராமரிப்பில் கொண்டுவரும் இலக்கை அறிவித்தது.

இத்தகைய இலக்குகளை ஆராய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பராமரிப்பில் சேர்க்கப்பட்டோர்' என்ற எண்ணிக்கை ஒருமுறை ஏறினால் இறங்காது. 'இந்தக் காலாண்டில் வந்தோர்', 'அழுத்தம் 140/90க்குக் கீழ் இருந்தோர்' என்ற எண்ணிக்கைகள் ஏறும், இறங்கும். ஆகவே அவை சங்கடம் தருவன. ஒரு திட்டம் எதை வெளியிடுகிறது என்பதைக் கொண்டே அது எந்த மரபைச் சேர்ந்தது என்று கூறிவிடலாம்.

கொல்கத்தா மாநகராட்சிக்கு 144 வார்டுகள் உள்ளன. நகர்ப்புற ஆரம்ப சுகாதார மையங்களும், தடுப்பூசிக்கும் டெங்குக்குமாக வீடு வீடாகச் சென்று பழகிய ஊழியர்களும் அங்கு இருக்கின்றனர். கதவைத் தட்டும் பழக்கத்தை நகரம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கொள்ளைநோய்களுக்காகக் கற்ற அப்பழக்கத்தை, வலியின்றி வளரும் நோய்களுக்கும் ஆண்டு முழுவதும் நீட்டிக்க வேண்டியிருக்கிறது. 2007 ஆய்வு சுட்டிய பெண்கள், பகலில் வீட்டில் இருப்பவர்கள் ஆயினும் பிறர் வீட்டில் வேலைக்குச் செல்பவர்கள் ஆயினும், மருத்துவமனைப் பதிவேட்டில் பக்கவாதத்துக்கு முன்பு பெயர் இல்லாமற்போவது எதனால் என்பது இனி எழுதப்பட வேண்டிய ஆய்வு. அதற்கான மூலங்கள் புகழ்பெற்ற மருத்துவரின் கட்டுரைகளில் இருக்கமாட்டா. வார்டு மையங்களின் வருகைப் பதிவேடுகளில், ஓர் அழுத்த அளவு எழுதப்பட்டு, அடுத்த மாதத்துக்கான கட்டம் வெறுமையாக விடப்பட்ட வரிகளில் இருக்கும்.